பழசும் புதுசும் ஒரே படத்தில்: எங்கே நிற்பது?

கோவை டவுன்ஹாலில் நின்று போனைத் தூக்கினால் 1892-ல் கட்டிய விக்டோரியா மண்டபம், சுற்றியுள்ள கடைகளின் கண்ணாடி முகப்பு, மின்கம்பி, பிளக்ஸ், ஆட்டோ எல்லாமே ஒரே படத்தில் வந்து விழும். பழசும் இருக்கும், புதுசும் இருக்கும். ஆனால் படத்தைப் பார்ப்பவர் கண்ணில் இரண்டும் நிற்காது. "நல்ல கூட்டமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுவார்.

பழைய கட்டடமும் புதிய கட்டடமும் ஒரே படத்துக்குள் இருப்பது வேறு, ஒன்றை ஒன்று எடுத்துக் காட்டுவது வேறு. சுண்ணாம்புக் காரை பூசிய சுவர் தனியாக இருந்தால் அது வெறும் பழஞ்சுவர். அதன் பின்னால் ஏ.சி.பி. ஷீட் (வழவழப்பான அலுமினியக் கலப்புத் தகடு) போர்த்திய ஐந்து மாடிக் கடை எழுந்து நின்றால் சுவரின் சொரசொரப்பு கூடித் தெரியும், ஷீட்டின் வழவழப்பும் கூடித் தெரியும். புகைப்படக்காரர்கள் எதிர்வு என்று சொல்வது இதைத்தான். இதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. 2x லென்ஸ் உள்ள சாதாரண போன் போதும். நடக்கக் கால் வேண்டும், அதுதான் முக்கியம்.

ஒரு படத்துக்கு ஒரு சண்டை

புதிதாக எடுப்பவர்கள் பழசு, புதுசு என்று கண்ணில் பட்டதை எல்லாம் உள்ளே அடைத்துவிடுவார்கள். முதலில் எது எதோடு மோதுகிறது என்று முடிவு செய்ய வேண்டும். உயரமா? தாழ்ந்த ஓட்டுக் கூரைக்குப் பின்னால் அடுக்குமாடி. பொருளா? செங்கலுக்குப் பக்கத்தில் கண்ணாடி. கோடா? வளைவும் குவிமாடமும் ஒரு பக்கம், நேர்கோடு மறுபக்கம். ஜன்னலா? மரச்சட்டமும் கம்பியும் போட்ட ஒரு முழ ஜன்னலுக்கு எதிரே, தரையிலிருந்து உச்சி வரை ஒரே கண்ணாடி.

ஈரோட்டில் 1930-களில் எழுந்த பிரப் நினைவு தேவாலயம் இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகள் கலந்த இந்தோ சாரசெனிக் பாணியில் கட்டப்பட்டது. குவிமாடமும் வளைவும் அதன் அடையாளம். அதைச் சுற்றியுள்ள வணிகக் கட்டடங்கள் பெரும்பாலும் பெட்டி பெட்டியானவை. அங்கே எடுக்க வேண்டியது வளைவுக்கும் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு. உயரத்தைக் காட்டப் போனால் படம் சப்பென்று ஆகிவிடும். கோவை அவிநாசி ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த 10.1 கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் நிலைமை வேறு. பாலம் என்பது படத்தைக் குறுக்கே வெட்டும் ஒரு நீளக் கோடு. அதற்கு எதிராக நிமிர்ந்து நிற்கும் எதுவும், பழைய கட்டடத்தின் தூணோ மரமோ புகைபோக்கியோ, சண்டைக்குத் தயார்.

எது மோதுகிறது என்பதை வாய்விட்டு ஒரு வரியில் சொல்ல வராவிட்டால் அந்தப் படம் இன்னும் தயாராகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நின்ற இடம் செய்யும் வேலை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளலாம்.

"ஜூம் பண்ணினால் பின்னால் இருக்கும் கட்டடம் கிட்டே வந்துவிடும்" என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. பின்கட்டடம் கிட்டே வந்தது போலத் தோன்றுவதற்கு ஜூம் காரணமில்லை, நீங்கள் தள்ளி நிற்பதுதான் காரணம். ஒரு கணக்குப் போட்டால் விளங்கும்.

12 மீட்டர் உயரமுள்ள பழைய கட்டடம் ஒன்று. அதிலிருந்து 150 மீட்டர் பின்னால் 48 மீட்டர் உயர அடுக்குமாடி ஒன்று. ஒரு பொருள் படத்தில் எவ்வளவு உயரமாகத் தெரியும் என்பதற்கு அதன் உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் போதும்.

பழைய கட்டடத்துக்கு 20 மீட்டரில் நின்றால் அதன் கணக்கு 12-ஐ 20-ஆல் வகுக்க 0.60. அடுக்குமாடி 170 மீட்டர் தள்ளியிருக்கிறது, 48-ஐ 170-ஆல் வகுக்க 0.28. பழசு இருமடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். 50 மீட்டருக்குப் பின்வாங்கினால் பழசு 0.24, புதுசும் 48-ஐ 200-ஆல் வகுக்க 0.24. இரண்டும் சரிசமம், தோளோடு தோள். 200 மீட்டருக்குப் போனால் பழசு 0.06, புதுசு 0.14. இப்போது அடுக்குமாடி பழசின் தலைமேல் ஏறி நிற்கும்.

கட்டடங்கள் அசையவில்லை. நீங்கள் நடந்தீர்கள், கதை மாறிவிட்டது. 20 மீட்டரில் எடுத்த படம் 'பழசு இன்னும் நிற்கிறது' என்கிறது, 200 மீட்டர் படம் 'பழசை விழுங்கப் பார்க்கிறது' என்கிறது, 50 மீட்டர் படம் யார் பக்கமும் சாயாது. மூன்றும் உண்மைதான். எதைச் சொல்லப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்குரிய தூரத்துக்கு நடக்க வேண்டும்.

லென்ஸ் செய்வது வெட்டும் வேலை மட்டும். நின்ற இடத்தை மாற்றாமல் 1x-ல் ஒன்றும் 3x-ல் ஒன்றும் எடுத்து, 1x படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். தெளிவு குறையும், இரு கட்டடங்களின் விகிதம் மாறாது. ஆகவே முதலில் இடம், பிறகு லென்ஸ். 20 மீட்டருக்கு போனின் 1x, 50 மீட்டருக்கு 2x, 200 மீட்டருக்கு 5x அல்லது அதற்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரியவரின் நடை ஓர் எட்டுக்கு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். 50 மீட்டர் என்றால் 70 எட்டுக்குச் சற்றுமேல்.

போகும்போது மூன்று தூரத்திலும் ஒவ்வொன்று எடுத்துவிடுவது நல்ல பழக்கம். வீட்டுக்கு வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேலே சொன்ன கணக்கு அப்படியே கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கணக்கே தேவைப்படாது.

கோவையின் பெரிய கடை வீதி, ஒப்பணக்கார வீதி போன்ற இடங்களில் பின்வாங்க இடமே இருக்காது. கடைக்கு எதிரே நின்றால் முதுகு எதிர்க்கடை ஷட்டரில் இடிக்கும். அங்கே குறுக்காகப் பார்ப்பதை விட்டு வீதியின் நீளவாக்கில் பாருங்கள். வீதி நீளம் முழுக்க உங்களுக்குத் தூரமாகக் கிடைக்கும், இரு பக்க முகப்புகளும் வரிசையாக அடுக்கப்படும். கோவையில் குளக்கரைகளும் உதவும். உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நின்றால் நடுவில் தண்ணீர் மட்டும்தான், மறைக்க ஒன்றுமில்லை. இன்னொரு வழி எதிர்க்கடையின் மாடி. முதலாளியிடம் போய், "ஏனுங்ண்ணா, மொட்டை மாடியில அஞ்சு நிமிசம் நின்னு அந்தக் கட்டடத்தைப் போட்டோ எடுத்துக்கட்டுமுங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள், கல்லாவில் கூட்டம் இல்லாத நேரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேம்பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தூண் சாய்வது ஏன்

போனை மேல்நோக்கிச் சாய்த்தால் கட்டடத்தின் பக்கக் கோடுகள் உச்சியில் ஒன்றுகூடப் பார்க்கும். புதிய கண்ணாடிக் கோபுரத்துக்கு இது ஓரளவு பொருந்தும், அது இன்னும் உயரமாகத் தோன்றும். பழைய கட்டடத்துக்குப் பொருந்தாது. தூணும் ஜன்னலும் பின்னால் சாய்ந்து, இப்போதோ அப்போதோ விழப்போவது போல இருக்கும். ஒரே படத்தில் இரண்டும் சாயும்போது எதிர்வு பாதி போய்விடும், ஏனென்றால் பார்ப்பவரின் கண் சாய்வைத்தான் முதலில் பிடிக்கும்.

இதற்கு மருந்து போனை நேராகப் பிடிப்பது. கேமரா அமைப்பில் கட்டக்கோடுகளை எழுப்பிக்கொள்ளுங்கள். சில போன்களில் மட்டக்கோடும் வரும். போனைச் செங்குத்தாக நிமிர்த்தி, சாய்க்காமல் பிடித்தால் 1x லென்ஸ் உங்கள் கண்மட்டத்துக்கு மேலே, நிற்கும் தூரத்தின் ஏறக்குறைய முக்கால் பங்கு உயரம் வரை பார்க்கும். 15 மீட்டர் கட்டடத்தின் உச்சி தெரிய வேண்டுமானால், கண்மட்டம் ஒன்றரை மீட்டர் போக மீதி 13.5 மீட்டர். அதற்கு 18, 19 மீட்டர் தள்ளி நின்றால் போதும். கீழே பாதிப் படம் ரோடாக இருக்கும், அதை வெட்டிவிடலாம். முதல் மாடி உயரத்தில் நின்றால் ரோடு குறைந்து கட்டடம் நடுவுக்கு வந்துவிடும், அதுதான் மிக நல்லது.

இடமில்லை என்றால் சாய்த்தே எடுத்துவிட்டுப் பிறகு ஸ்நாப்சீடின் பெர்ஸ்பெக்டிவிலோ லைட்ரூமின் ஜியாமெட்ரியிலோ நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். அதனால் எடுக்கும்போதே கட்டடத்தின் இரு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டு எடுங்கள். இடம் விடாமல் எடுத்தவர்கள் திண்ணையையோ கலசத்தையோ இழப்பார்கள். 0.5x லென்ஸைத் தொடாமல் இருப்பது நல்லது. எல்லாம் உள்ளே வந்துவிடும் என்ற ஆசைதான் காரணம், ஆனால் அது ஓரத்தில் உள்ளதை இழுத்து நீட்டிவிடும். ஓரத்தில் நிற்பது பழைய கட்டடம் என்றால் அதன் அளவே பொய்யாகிவிடும்.

விளிம்பு தொடும் குற்றம்

பழைய கோபுரத்தின் கலசம் பின்னால் உள்ள அடுக்குமாடியின் மொட்டை மாடிக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். புதிதாக எடுப்பவர்களின் பத்துப் படத்தில் ஆறில் இதைப் பார்க்கலாம். தொடுவதும் இல்லை, விலகுவதும் இல்லை, ஒட்டிக்கொண்டது போல இருக்கும். இரண்டுக்கும் நடுவில் தூரம் இருக்கிறது என்பதே மறைந்துபோகும்.

ஒன்று நன்றாக மூட வேண்டும், அல்லது நன்றாக விலக வேண்டும். கலசம், குவிமாடம், சிலுவை, பிறை, புகைபோக்கியின் வாய் ஆகியவை வானத்தின் முன்னால் வருமாறு நிற்பது பாதுகாப்பு. பெரும்பாலும் ஓரடி இடப்பக்கம் நகர்ந்தாலோ முழங்காலை மடித்துக் குனிந்தாலோ போதும். பின்கட்டடம் தூரத்தில் இருப்பதால் உங்கள் சிறு அசைவுக்கே முன்கட்டடம் அதன் மேல் வேகமாக நகரும். படம் எடுக்கும் முன் பழசின் வெளிக்கோட்டைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எங்கெங்கே ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

வெயில் எந்தச் சுவரில்

கோவையும் ஈரோடும் திருப்பூரும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 11 டிகிரியில் இருக்கின்றன. இதிலிருந்து படக்காரருக்கு மிக உபயோகமான ஒன்று கிடைக்கிறது. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 24 வாக்கு வரை சூரியன் காலை முதல் மாலை வரை நமக்கு வடக்கிலேயே இருக்கும். அந்த நான்கு மாதமும் தெற்குப் பார்த்த சுவரில் நேர் வெயில் விழாது. அதேபோல் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை வடக்குப் பார்த்த சுவரில் நேர் வெயில் கிடையாது.

இதைத் தெரியாமல் டிசம்பரில் வடக்குப் பார்த்த முகப்பை எடுக்கப் போனால், பழைய முகப்பு நிழலில் மங்கிக் கிடக்கும், அதற்கு எதிர்வரிசையில் உள்ள தெற்குப் பார்த்த கண்ணாடி பளபளக்கும். எத்தனை தடவை போனாலும் அப்படித்தான் இருக்கும், ஜூனுக்குக் காத்திருக்க வேண்டும். கிழக்கு மேற்காக ஆற்றைக் கடக்கும் பாலங்களுக்கும் இதே கணக்கு. ஈரோட்டில் காவிரியின் மேல் பள்ளிபாளையம் போகும் பழைய பாலத்தையும் அதன் பக்கத்தில் வந்த பாலத்தையும் சேர்த்து எடுப்பவர்கள், எந்த மாதம் எந்தப் பக்கக் கரையில் நிற்பது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம். கிழக்கும் மேற்கும் பார்த்த சுவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, காலையோ மாலையோ ஆண்டு முழுக்க வெயில் உண்டு.

சாய்ந்த வெயில் பழைய சுவருக்கு வேண்டும். காரை பெயர்ந்த குழி, சுதை வேலைப்பாடு, ஓட்டின் அடுக்கு எல்லாம் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் எழுந்து நிற்கும். கோவையில் ஜூனில் சூரியன் 6 மணிக்கு உதித்து 6.45 தாண்டி மறையும். டிசம்பர் கடைசியில் 6.35 வாக்கில் உதித்து 6.05 வாக்கில் மறையும். உதித்த ஒன்றரை மணி நேரமும் மறைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும் உங்களுடையவை. ஆனால் மேற்கே மலை இருக்கிறது. பேரூர், வடவள்ளிப் பக்கம் போகப் போக, செயலி காட்டும் நேரத்துக்கு முன்பே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். கையில் கால் மணி நேரம் மிச்சம் வைத்துக்கொண்டு போங்கள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் வரும்போது வெளிச்சம் சமமாகிவிடும். அந்த நாட்களில் வானத்தை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் எடுங்கள். வெள்ளை வானம் படத்தில் வெற்றுத்தாள் போல இருக்கும். மழை விட்ட மறுநாள் காலை தூசி அடங்கி, கட்டடங்களுக்குப் பின்னால் மலை தெளியும். தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுக்க அதுபோன்ற நாள் கிடைப்பது அரிது. சித்திரை வெயிலில் பகல் பதினொரு மணிக்கு மேல் 5x-ல் எடுத்தால் தார்ரோட்டின் சூட்டில் காற்று நெளிந்து கட்டடக் கோடெல்லாம் தண்ணீரில் மிதப்பது போல வரும். அது லென்ஸின் குற்றமில்லை. விடியற்காலை போனால் சரியாகிவிடும்.

மாலையில் விளக்கு போட்ட பிறகும் வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் பொழுது மிகச் சிறியது. சூரியன் மறைந்த 10-வது நிமிடத்திலிருந்து 25-வது நிமிடம் வரை என்று வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் வானம் கறுத்துவிடும். கடை விளக்குகளும் விளம்பரப் பலகைகளும் எல்.இ.டி. என்பதால் கேமராவின் ஷட்டர் 1/500 நொடி போல வேகமாக இருந்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். போனின் புரோ பயன்முறையில் இதை அமைக்கலாம்.

கண்ணாடியும் காரையும்

வெளிச்சத்தில் இவ்விரண்டுக்கும் ஒத்துப்போகாது. கண்ணாடி வானத்தைப் பிரதிபலிப்பதால் நிழலில் உள்ள பழைய சுவரைவிடப் பல மடங்கு பிரகாசமாக இருக்கும். போன் சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டினால் கண்ணாடி வெளுத்துவிடும். திரையில் கண்ணாடியின் பிரகாசமான பகுதியை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள், பிறகு சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கறுத்த சுவரைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்த கண்ணாடியை மீட்க முடியாது. போனின் எச்.டி.ஆர். (வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் வசதி) இதைத் தானே செய்யும், ஆனால் பெரும்பாலும் அளவுக்கு மீறிச் செய்யும். நிழலையும் வெயிலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டால் எடுக்கப் போன எதிர்வையே அது சமாதானம் செய்து அனுப்பிவிடும். திருத்தும்போது நிழலை அரைவாசி மட்டும் தூக்குங்கள்.

கண்ணாடிக்குள் பழைய கட்டடம் தெரிவதை எடுப்பது எல்லோரும் விரும்பும் படம். பலகைக் கண்ணாடிகள் முழுத் தட்டையாக இருப்பதில்லை, பதப்படுத்தும்போது லேசாக அலை விழுந்துவிடும். அதனால் கோபுரம் நெளிந்து உடைந்து தெரியும். அதுவே படத்துக்கு அழகு. 2x-க்கு மேல் எடுத்து, கண்ணாடிகளுக்கு நடுவே ஓடும் கறுப்பு சிலிக்கான் கோடுகள் இரண்டு மூன்று உள்ளே வரட்டும். அந்தக் கோடு இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு அது கண்ணாடி என்றே தெரியாது. போகஸைக் கண்ணாடியின் மேல் வைக்காமல் உள்ளே தெரியும் கட்டடத்தின் மேல் வையுங்கள். பிரதிபலிப்பைக் குறைக்க வேண்டுமானால் லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் பில்டரைத் திருப்பலாம். கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றால் அது வேலை செய்யாது. நேர்கோட்டிலிருந்து 55 டிகிரி வாக்கில் பக்கவாட்டில் நிற்கும்போதுதான் முழுப் பலன்.

கிட்டத்தில் போய்ப் பார்ப்பதும் உண்டு. பழைய கடைச் சுவரின் ஒரு மூலையை ஒரு சாண் தூரத்தில் பாருங்கள். மேலே நீலம் கலந்த வெள்ளை, அது உதிர்ந்த இடத்தில் காவி, அதற்கும் கீழே பழுப்புக் காரை, எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய செங்கல். ஒரே சுவரில் நான்கு அடுக்கு. அதே மூலையில் பக்கத்துக் கடையின் ஏ.சி.பி. ஷீட் ஒரு விரல் இடைவெளியில் தொடங்குகிறது, கீறல் இல்லை, அடுக்கு இல்லை, மேலே கிழிக்க மறந்த பாதுகாப்புத் தாள் மட்டும் ஓரத்தில் சுருண்டிருக்கும். முழுக் கட்டடமும் காட்டும் பத்துப் படத்தைவிட இந்த ஒரு மூலை அதிகம் சொல்லும்.

கம்பி, பிளக்ஸ், வண்டி

பழைய வீதிகளில் மின்கம்பி தவிர்க்க முடியாதது. அழிக்கும் கருவியை நம்பாதீர்கள். ஜன்னல் கம்பி, சுதைப்பூ மேல் ஓடும் வயரை அழித்தால் வேலைப்பாடும் சேர்ந்து குழைந்துவிடும். வானத்தில் ஓடும் வயரை மட்டும் அழிக்கலாம். அல்லது வயரைக் கதைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள், பழைய முகப்பின் குறுக்கே போகும் பத்து வயரும் புதுசுதானே. பிளக்ஸுக்கு, அது மறைக்கும் உயரத்துக்கு மேல் நின்று எடுப்பதைத் தவிர வழியில்லை. காலை 9 மணிக்கு முன் போனால் கடை ஷட்டர் இறங்கியிருக்கும், வண்டி குறைவு. ஆள் ஒருவர் இருப்பது நல்லது, கட்டடத்தின் அளவு தெரியும். ஐம்பது பேர் வேண்டாம்.

கொங்கில் எங்கே தேடுவது

கோவையில் கோயில், பழைய அரசுக் கச்சேரிக் கட்டடத்தைவிட வளமான பழசு மில்தான். 1888-ல் தொடங்கிய ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்லில் இருந்து, பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்தபின் பெருகியவை வரை, ஊரின் உருவத்தை மாற்றியவை அவை. செங்கல் புகைபோக்கி, ரம்பப் பல் போன்ற கூரை, நீண்ட காம்பவுண்டுச் சுவர். மூடிய மில் நிலங்களில் அடுக்குமாடியும் மாலும் வந்துவிட்டதால் எதிர்வு தானாகவே அமைந்து கிடக்கிறது. புகைபோக்கி எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆகவே பின்னால் எந்தப் புதுக்கட்டடம் வேண்டுமோ அது வரும்வரை அதைச் சுற்றி நடக்கலாம். முன்பு சொன்ன தூரக் கணக்கைப் பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது. லட்சுமி மில்ஸ் சந்திப்பில் பழைய மில் கட்டடங்கள் சில இப்போது கடைகளாகவும் உணவகங்களாகவும் புழங்குகின்றன, எதிரே மேம்பாலம் ஓடுகிறது. அங்கே பழசும் புதுசும் ஒரே கட்டடத்துக்குள்ளேயே இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. பழசு போலத் தெரிவதெல்லாம் பழசில்லை. கோனியம்மன் கோயில் பழமையானது, ஆனால் இன்று நிற்கும் அதன் ராஜகோபுரம் இந்த நூற்றாண்டில் எழுந்தது. எதிரே உள்ள பழங்கடை அதைவிட மூத்தது. 'பழைய கோபுரமும் புதிய கடையும்' என்று எழுதிவிட்டால் ஊர்க்காரர் சிரிப்பார்.

ஊர்ப்புறம் போனால் காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கத் தோட்டங்களில் தொட்டிக்கட்டு வீடுகள் இன்னும் உண்டு. நடுவே திறந்த தொட்டி வாசல், சுற்றித் தாழ்வாரம், முன்னால் ஆசாரம் எனும் முன்கூடம். அதே களத்தில் மகன் கட்டிய தார்சு (கான்கிரீட் தளம் போட்ட) வீடு, மேலே தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகை. ஆசாரத்துக்குள் நின்று தூண்களை முன்னால் வைத்துத் தார்சு வீட்டைப் பாருங்கள். போனில் தூணும் வீடும் பெரும்பாலும் சேர்ந்தே தெளிவாக வரும். பெரிய கேமராவில் 24 மி.மீ. லென்ஸை f/8-ல் வைத்து 2.4 மீட்டரில் போகஸ் செய்தால் ஏறக்குறைய 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளியும். உள்ளே இருட்டு, வெளியே வெயில், அதனால் மாலை வெயில் தணிந்தபின் எடுங்கள். வீட்டுக்காரரைக் கேட்காமல் களத்துக்குள் நுழையாதீர்கள். முதலில் வாசலில் நின்று, "அம்முணி, வீட்ல பெரியவங்க இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, படத்தை ஒரு பிரதி அனுப்புவதாகச் சொல்லுங்கள், அனுப்பவும் செய்யுங்கள். கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களுக்கு அலுவலக அனுமதி வேண்டும். சிறைச்சாலை, ராணுவ, காவல்துறைக் கட்டடங்கள் பக்கம் கேமராவே வேண்டாம். ட்ரோன் என்றால் கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் அருகே இருப்பதால், எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடக்கூடாது.

எடுத்த பிறகு எழுத வேண்டியது

பழைய கட்டடத்தின் வயதை ஊகித்து 'நூறு வருடப் பழமை' என்று போடாதீர்கள். பல பழைய கடைகளின் முகப்பு உச்சியில், கைப்பிடிச் சுவரின் நடுவில், கட்டிய ஆண்டைச் சுதையிலேயே எழுதியிருப்பார்கள். சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து மழுங்கியிருக்கும். 5x-ல் பக்க வெயிலில் எடுத்துப் பெரிதாக்கினால் எண் தெரிந்துவிடும். படத்தின் குறிப்பில் தேதி, நேரம், வீதி, பார்த்த திசை நான்கும் இருக்கட்டும்.

அதே இடத்தில் அடுத்த ஆண்டும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஜி.பி.எஸ். போதாது, அது சில மீட்டர் தவறலாம். 50 மீட்டர் கணக்கில் அந்தச் சில மீட்டரே விகிதத்தை மாற்றிவிடும். அதற்குப் பதில் படத்துக்குள்ளேயே இரண்டு ஜோடியைக் குறித்துக்கொள்ளுங்கள்: முன்னால் ஒரு தூணின் விளிம்பு, அதற்கு நேர் பின்னால் வரும் ஒரு ஜன்னல் மூலை, இதேபோல் மறுபக்கம் ஒன்று. இரண்டு ஜோடியும் ஒரே நேரத்தில் பொருந்தும் இடம் ஒன்றுதான், அங்கேதான் போன தடவை நின்றீர்கள். பின்னால் இருக்கும் கட்டடமே இடிந்தோ மறைந்தோ போகலாம் என்பதால், கோவையில் எடுப்பவர்கள் மூன்றாவது ஜோடிக்குப் பின்குறியாக மேற்குமலையின் ஏதாவது ஒரு முகட்டை வைத்துக்கொள்வது நல்லது. மழை விட்ட காலையில் அது தெளிவாகத் தெரியும்.